ஆபீஸ் வேலைக்கு லினக்ஸா? முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்துக்கொள்கிறது. 2016-ல் வாங்கிய லேப்டாப் இன்றும் குறையில்லாமல் ஓடினாலும் இந்தத் தேர்வில் தேறாது. சர்வீஸ் கடையில் கேட்டால் "புதுசா ஒண்ணு வாங்கிடுங்க சார்" என்பார்கள். பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் மாணவனைக் கேட்டால் "லினக்ஸ் போட்டுடலாம் அங்கிள், ஃப்ரீதான்" என்பான். நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓடும். பெரும்பாலும் விண்டோஸைவிட இலகுவாகவே ஓடும். சிக்கலெல்லாம் அக்கம்பக்கத்திலிருந்து வரும். மேலாளர் அனுப்பும் எக்செல், மூலையில் கிடக்கும் பிரிண்டர், ஆடிட்டர் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பாமினி எழுத்துருவில் வந்து சேரும் பழைய கோப்பு... இவற்றோடு ஒத்துப்போகுமா என்று பார்த்துவிட்டு மாறுபவர் நிலைத்துவிடுகிறார். பார்க்காமல் மாறுபவர் இரண்டே வாரத்தில் திரும்பி வந்து "லினக்ஸ் சரிப்படாது" என்கிறார்.

எனவே லினக்ஸ் போடப் பென் டிரைவைத் தேடும் முன் ஒரு தாளை எடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். மென்பொருளின் பெயரை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். "வேர்ட்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "தலைமை அலுவலகம் அனுப்பும் படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்புவது" என்று எழுதினால் எங்கே இடிக்கும் என்று தெரியும். வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலையையும் விடாதீர்கள்; வருமான வரிக் கணக்கு ஜூலையில்தான் நினைவுக்கு வரும்.

யார் மாறலாம், யார் வேண்டாம்

டேலியில் கணக்கெழுதுபவர் மாற வேண்டாம். டேலி விண்டோஸுக்கானது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போன்ற ஒட்டுவேலைகளில் அது திறந்தாலும், மார்ச் கடைசி வாரத்தில் கழுத்தறுக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் செய்பவர், பேஜ்மேக்கரில் புத்தகம் கட்டுபவர், போட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவர் ஆகியோருக்கும் இதே பதில்தான். (கோரல் நிறுவனம் 2000-ல் கோரல்டிரா 9-ஐ லினக்ஸுக்கும் வெளியிட்டது. அந்த முயற்சி தொடரவில்லை. தொடர்ந்திருந்தால் சிவகாசி, திருப்பூர் டிசைன் சென்டர்களின் கதை வேறாக இருந்திருக்கலாம்.) லினக்ஸில் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் நல்ல கருவிகள்தான். ஆனால் வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய கோரல் கோப்பு அதே வடிவில் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்வரை அவை உங்களுக்குத் துணைக் கருவிகள் மட்டுமே.

எக்செல் மேக்ரோக்களில் ஓடும் அலுவலகமும் யோசிக்க வேண்டும். லினக்ஸில் எக்செலுக்கு மாற்றாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் அந்த மேக்ரோக்களில் ஒரு பகுதியைத்தான் புரிந்துகொள்ளும். வேலை தேடும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஆன்லைன் தேர்வுகள். கேமராவால் கண்காணிக்கும் தேர்வு மென்பொருள்கள் பல விண்டோஸையோ மேக்கையோதான் ஏற்கின்றன. சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. தேர்வுக்கு முந்தைய இரவு இதைத் தெரிந்துகொள்வது போன்ற அவஸ்தை வேறில்லை. லேப்டாப் ஒன்றுதான் என்றால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் லினக்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாறக்கூடியவர்கள். நிரல் எழுதுபவர்கள், சர்வர் பக்கம் வேலை பார்ப்பவர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், நாள் முழுக்க பிரவுசரிலேயே வேலை முடிகிறவர்கள். கடைசிப் பிரிவு நாம் நினைப்பதைவிடப் பெரியது. மின்னஞ்சல், கூகுள் ஷீட், நெட் பேங்கிங், நிறுவனத்தின் மனிதவளத் தளம் எல்லாமே குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ திறப்பவை. அவற்றுக்கு அடியில் எந்த இயங்குதளம் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாறுவதா வேண்டாமா என்பது தனியாளுக்கு மட்டும் நேரும் இழுபறி இல்லை. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றியது. பின்பு 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று மாமன்றம் வாக்களித்தது. அதில் அரசியலும் கலந்திருந்தது. ஆனால் வெளியிலிருந்து வரும் கோப்புகளும், விண்டோஸில் மட்டுமே ஓடும் துறைசார்ந்த மென்பொருள்களும் கடைசிவரை தலைவலியாக இருந்தன. மறுபக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான். ஆசிரியர் பயிற்சி, பாடநூல், தேர்வு மூன்றையும் அதன் மீதே அமைத்தார்கள். அங்கே வெளியிலிருந்து வந்து இடிப்பதற்கு எதுவும் இல்லை. அதனால் நின்றது.

பென் டிரைவில் ஒத்திகை

எந்த லினக்ஸ் என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். அது டீக்கடை அரசியலைவிட நீளமானது. புதியவர் லினக்ஸ் மின்ட் போடலாம். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் சின்னமன் முகப்பு அந்நியமாக இராது. அல்லது உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு. இது இரண்டு ஆண்டுக்கொருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும். ஐந்தாண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. ராம் 4 ஜிபிதான் என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இன்னும் உள்ளே இருந்தால் முதலில் ஒரு எஸ்எஸ்டி மாற்றுங்கள். எந்த இயங்குதளம் தரும் வேகத்தையும்விட அது தரும் வேகம் அதிகம்.

8 ஜிபி பென் டிரைவில் எழுதி, கணினியில் எதையும் நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பலரும் திரையைப் பார்த்து "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு நிறுவிவிடுகிறார்கள். அழகைப் பார்க்கவா ஒத்திகை? வைஃபை பிடிக்கிறதா பாருங்கள். பிராட்காம் சிப் உள்ள சில பழைய மாடல்களில் தனியாக டிரைவர் போட வேண்டியிருக்கும். மைக் வேலை செய்கிறதா, புளூடூத் ஹெட்செட் சேர்கிறதா, எச்டிஎம்ஐ வழியே புரொஜெக்டர் வருகிறதா பாருங்கள். முக்கியமாக, மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கி எழ மறுக்கும் லேப்டாப் தினமும் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். வேகத்தை மட்டும் இந்த ஒத்திகையில் எடைபோடாதீர்கள். பென் டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும்.

நிறுவ முடிவெடுத்தால் இன்னொரு டிஸ்க்கில் பேக்கப். இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்களுக்கு மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து அதன் மீட்புச் சாவியைத் தாளில் குறித்துவையுங்கள். பூட் முறையில் கைவைத்ததும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். 48 இலக்கம், ஊகிக்க முடியாது. இரண்டாவது, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அதனால் லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. மூன்றாவது வேடிக்கையானது: லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். பேட்டரி செத்துவிட்டது என்று மதர்போர்டைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. அவ்வளவுதான். லினக்ஸையும் உள்ளூர் நேரத்திலேயே வைக்கச் சொல்லும் ஒருவரிக் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பிரிண்டர்

தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் லினக்ஸுக்கு மாறியவர் முதலில் மானம் இழக்கும் இடம் பிரிண்டர்தான். லினக்ஸில் அச்சுவேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற அமைப்பு. கடந்த பத்தாண்டில் வந்த வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவை டிரைவரே இல்லாமல் அதோடு பேசும். பெட்டியில் ஏர்பிரின்ட் என்று போட்டிருந்தால் நல்ல சகுனம். ஹெச்பி மாடல்களுக்கு ஹெச்பிலிப் என்ற மென்பொருள் லினக்ஸுக்கென்றே இருக்கிறது. ஸ்கேனரும் சேர்ந்தே வேலை செய்யும்.

தொல்லை தருபவை சின்ன அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பல வருடமாக அசராமல் உழைக்கும் பழைய லேசர் பிரிண்டர்கள். அவற்றுள் சில, கேப்ட் என்ற தனி வழக்கில் மட்டுமே பேசுபவை. அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது. இன்றைய பதிப்புகளில் அதை உட்கார வைப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். உட்கார்ந்தாலும் அடுத்த புதுப்பிப்பில் எழுந்து போய்விடலாம். என் யோசனை: அந்த பிரிண்டரை அது இருக்கிற விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் பிடிஎஃப் அனுப்புங்கள், அங்கே அடிக்கட்டும். புதிதாக வாங்கும்போது மட்டும் மாடல் எண்ணோடு 'லினக்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் இதே விதி. டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும், நீங்கள் பயன்படுத்தும் அரசுத் தளத்தின் கையெழுத்து மென்பொருள் லினக்ஸில் ஓட வேண்டும் என்பதில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

தமிழ் எழுதுவது

இங்கே நல்ல செய்தியிலிருந்து தொடங்கலாம். யூனிகோடு தமிழ், லினக்ஸில் எந்தத் தனி மென்பொருளும் வாங்காமல் அழகாகத் தெரியும், அழகாக அச்சாகும். நோட்டோ, லோகித் தமிழ் எழுத்துருக்களை ஒரு சொடுக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி இருக்கிறது. அதில் 1999-ல் தமிழக அரசு தரமாக்கிய தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய டைப்ரைட்டர் முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும்.

ஒரு சின்னப் பொறி உண்டு. உபுண்டுவின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்ற பெயரிலேயே இரண்டு வகை தென்படலாம். ஒன்று வெறும் விசை வரைபடம். தமிழ்99-இன் உயிரே மெய்யோடு உயிர் தானாகச் சேர்வதும், புள்ளி தானாக விழுவதும்தான். அந்த வகையில் அது நடக்காது. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, 'எம்17என்' என்று குறிப்பிட்டிருக்கும் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்துருவின் அளவு மாற மாட்டேன் என்கிறது என்று சிலர் புலம்புவார்கள். அந்த மென்பொருள் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும் தமிழ் போன்ற மொழிகளுக்கு வேறோர் எழுத்துருவையும் வைத்திருக்கிறது. மொழி அமைப்பில் 'சிக்கலான எழுத்து வடிவம்' என்ற பகுதியை இயக்கி, தமிழுக்கு விருப்பமான எழுத்துருவையும் அளவையும் அங்கே நிலையாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

பழைய எழுத்துருக்கள்தான் உண்மையான இடைஞ்சல். 2010-லேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் வானவில் அவ்வையாரிலும் பாமினியிலும் கோப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. படிக்க மட்டும் வேண்டுமானால் அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினாலே போதும். திருத்தி எழுத வேண்டுமானால் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு எழுதுங்கள். அதைச் செய்யும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். புத்தகம் கட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: 2024 தொடக்கத்தில் வந்த ஸ்கிரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் தமிழ் யூனிகோடைச் சிதைக்காமல் காட்டுகிறது. சின்ன மலர், ஆண்டறிக்கை அளவுக்கு அதைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

கோப்பும் கூட்டமும்

வேர்ட் கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்ததும் வரிகள் இடம்மாறி இரண்டு பக்கக் கடிதம் மூன்று பக்கமாகிறதா? பெரும்பாலும் குற்றவாளி எழுத்துருதான். காலிப்ரிக்கு அளவொத்தது கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள். இவை இருந்தால் ஆங்கிலக் கோப்புகளில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். தமிழில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்து வந்த கோப்பு சற்று நகரத்தான் செய்யும். கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டிய எதையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பலர் கைமாறித் திருத்தும் கோப்பை பிரவுசரில் மைக்ரோசாஃப்டின் இலவச ஆபீஸிலேயே திருத்துங்கள். இதில் கொள்கைப் பிடிவாதம் வேண்டாம். சக ஊழியர் உங்களுக்காக லிப்ரே ஆபீஸ் கற்றுக்கொள்ள மாட்டார்.

ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. கூகுள் மீட் பிரவுசரில் ஓடும். டீம்ஸுக்கு இருந்த லினக்ஸ் செயலியை மைக்ரோசாஃப்ட் 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டது. பிரவுசர் வழியே சேரலாம். திரையைப் பகிர்வதை மட்டும் முதல் நாளே நண்பர் ஒருவரோடு சோதித்துவிடுங்கள். மேலாளர் முன்னால் கறுப்புத் திரையைக் காட்டிக்கொண்டு "தெரியுதா சார்?" என்று கேட்கும் நிலை வேண்டாம்.

நிறுவனம் கொடுத்த லேப்டாப்பில் இவற்றில் எதையும் செய்யாதீர்கள். அது உங்கள் பொருள் அல்ல. அதில் இயங்குதளத்தை மாற்றுவது பல இடங்களில் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். ஐடி பிரிவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். நிரல் எழுதுபவருக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

வேலைச் சந்தையில் இதன் மதிப்பு

உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அத்தனையிலும் 2017 நவம்பர் பட்டியல் முதல் லினக்ஸ்தான். ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் அதுதான். கிளவுட் வேலை, டெவ்ஆப்ஸ் வேலை என்று விளம்பரத்தில் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே போனால் லினக்ஸ் டெர்மினல்தான் காத்திருக்கும். ஆனால் "லினக்ஸ் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறேன்" என்பதற்காக யாரும் சம்பளம் தரமாட்டார்கள். தினமும் பயன்படுத்தும்போது வரும் சின்னச் சின்னச் சிக்கல்களை நீங்களே அவிழ்த்தீர்களா என்பதற்குத்தான் மதிப்பு.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வருகிறதா? மவுஸை நகர்த்தி அழிக்காமல், எந்தக் கோப்புறை எவ்வளவு தின்றிருக்கிறது என்று டெர்மினலில் கண்டுபிடியுங்கள். ஒலி வரவில்லையா? ரீஸ்டார்ட் செய்யும் முன் கணினியின் லாக் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒரு கோப்பு திறக்க மறுத்தால் யாருக்கு என்ன அனுமதி என்று பாருங்கள். "சர்வர் மெதுவாக இருக்கிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். மனப்பாடம் செய்தவர் கட்டளைகளை ஒப்பிப்பார். வீட்டு லேப்டாப்பில் இதையெல்லாம் செய்தவர், "எப்போதிலிருந்து மெதுவாக இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார். எதிரே இருப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

தீர்த்த சிக்கல்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். பயோடேட்டாவில் "லினக்ஸ் தெரியும்" என்ற வரியை அடித்துவிட்டு, அந்த நோட்டிலிருந்து இரண்டை எடுத்து எழுதுங்கள். சான்றிதழ் வேண்டுமானால் ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வுக்கு மரியாதை உண்டு. அதில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி கிடையாது. ஓடும் கணினியைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்வார்கள், 300-க்கு 210 எடுக்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் முகப்புத் திரையே இல்லாத ஒரு லினக்ஸ் சர்வரை நிறுவி சில வாரம் அதோடு மல்லுக்கட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் பணம் கட்டலாம். பிடிக்கவில்லையென்றால் அந்தத் தொகை மிச்சம்.

கேட்க ஆள் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு: விழுப்புரத்தில் விஜிலக் என்ற லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி நடத்திவருகிறது. சென்னையில் ஐலக்சி என்ற பயனர் குழு இருக்கிறது. 2012 முதல் கணியம் என்ற இணைய இதழ், லினக்ஸ் பற்றிய கட்டுரைகளையும் மின்னூல்களையும் தமிழில் இலவசமாகத் தந்துவருகிறது. இவர்களிடம் போகும்போது "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். லேப்டாப்பின் மாடல் எண், போட்டிருக்கும் லினக்ஸின் பெயரும் பதிப்பும், திரையில் வந்த பிழைச் செய்தி அப்படியே, அதற்கு முன் நீங்கள் செய்தது என்ன, இந்த நான்கையும் எழுதிக் கேளுங்கள். பதில் அன்றைக்கே வர வாய்ப்பு அதிகம்.